நீண்ட கண்ணின் அமுக்கம்

கடும் குறும்பார்வை உள்ளவரின் கண் மற்றவர்களின் கண்ணை விட நீளமானது. வளர்ந்த ஒருவரின் கண் முன்னிருந்து பின்வரை ஏறத்தாழ 24 மில்லிமீற்றர். அது 26 மில்லிமீற்றரைத் தாண்டினாலோ, கண்ணாடியின் வலு கழித்தல் 6 டயொப்டரைக் கடந்தாலோ கடும் குறும்பார்வை எனப்படுகிறது. கண் ஒரு மில்லிமீற்றர் நீண்டால் கண்ணாடியின் வலு இரண்டரை முதல் மூன்று டயொப்டர் வரை கூடும். ஊரிலே சோடாப் புட்டிக் கண்ணாடி என்று சொல்லப்படும் தடித்த கண்ணாடியை அணிந்தவரின் கண் 28 அல்லது 30 மில்லிமீற்றர் இருப்பது அதனால்தான். இத்தகைய கண்ணில் புரையை அகற்றிச் செயற்கை வில்லை வைத்தபின், உள்ளே இருக்கும் அமுக்கம் மற்றக் கண்களில் போல நடந்துகொள்வதில்லை. சத்திரசிகிச்சை முடிந்த சில மணிநேரத்தில் ஒருமுறை ஏறக்கூடும். இரண்டு, மூன்று வாரங்களின் பின் வேறொரு காரணத்தால் மறுபடியும் ஏறக்கூடும். அவையெல்லாம் அடங்கிய பிறகு, முன்னிருந்ததை விடப் பல ஆண்டுகளுக்குச் சற்றுத் தாழ்ந்து நிற்கும். இந்த மூன்று காலங்களில் முதல் இரண்டும் கவனம் வேண்டுபவை. அவை நோயாளி வைத்தியரின் கண்ணில் படாத வேளைகளில் வருகின்றன.

கண் அமுக்கம் மில்லிமீற்றர் இரசத்தில் அளக்கப்படுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது 10க்கும் 21க்கும் இடையில் இருக்கும். கதிராளிக்குப் பின்னால் உள்ள பிசிருடல் நிமிடத்துக்கு இரண்டு, இரண்டரை மைக்கிரோலீற்றர் தெளிந்த நீரைச் சுரக்கிறது. அந்த நீர் பாவையினூடாக முன்னறைக்கு வந்து, கதிராளியும் விழிவெண்படலமும் சந்திக்கும் கோணத்தில் இருக்கும் நுண்ணிய வலைப்பின்னலினூடாக வடிந்து இரத்தத்தில் சேர்கிறது. முன்னறையில் உள்ள மொத்த நீரும் கால் மில்லிலீற்றர் அளவுதான் என்பதால், ஏறத்தாழ 100 நிமிடத்துக்கு ஒருமுறை அது முழுதாக மாறிவிடுகிறது. கிணற்றின் நீர்மட்டம் ஊற்றுக்கும் இறைப்புக்கும் இடையிலான கணக்கில் நிற்பது போல, கண் அமுக்கமும் சுரப்புக்கும் வடிதலுக்கும் இடையிலான கணக்கில் நிற்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் ஏற்றங்கள் ஏறக்குறைய எல்லாமே வடிகாலில் ஏற்படும் தடையால் வருபவை. சுரப்பு கூடுவதால் வருவது அரிது.

ஒரே அளவு அமுக்கம் எல்லாக் கண்களையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. உருண்டையான ஒரு கூட்டின் சுவர் தாங்கவேண்டிய இழுவிசை, உள் அமுக்கத்தோடு ஆரையையும் பொறுத்தது. சுவர் மெலிந்தால் அது இன்னும் கூடும். லப்பிளாசின் பெயரால் வழங்கும் விதி இதுதான். நீண்ட கண்ணில் ஆரை கூட, சுவர் மெலிவு. சாதாரணக் கண்ணின் பின்புறத்தில் வெண்சுவர் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் தடிப்பாக இருக்க, கடும் குறும்பார்வையில் அது அதன் மூன்றில் ஒரு பங்காகவும் குறையலாம். பார்வை நரம்பின் இழைகள் கண்ணை விட்டு வெளியேறும் சல்லடைத் தட்டும் அப்படியே மெலிகிறது. 24 மில்லிமீற்றர்க் கண் ஒரு பகல் முழுதும் பொறுத்துக்கொள்ளும் 30 என்ற அளவு, 30 மில்லிமீற்றர்க் கண்ணின் நரம்புக்கு அத்தனை சுலபமானதல்ல. அவுஸ்திரேலியாவில் நடந்த நீலமலைக் கண் ஆய்வு, குறும்பார்வை உள்ளவர்களுக்குப் பார்வை நரம்பைச் சிதைக்கும் குளுக்கோமா நோய் இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக இருப்பதை 1999இல் காட்டியது. கண்புரைக்காக வரும் நீண்ட கண்களில் சில, எவரும் கண்டறியாத குளுக்கோமாவோடுதான் மேசைக்கு வருகின்றன.

இலங்கையில் 2014–2015இல் நடந்த தேசிய ஆய்வில், பார்வையிழப்புக்குக் காரணங்களில் கண்புரையே முதலிடத்தில் நின்றது. யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் அதற்கு வெயிலும் துணை. மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவுக் கரைகளில் ஆழமற்ற கடலில் தொழில் செய்பவர்களின் கண்ணுக்கு வானத்திலிருந்து வரும் வெயிலோடு நீரும் மணலும் திருப்பி அனுப்பும் வெயிலும் சேர்கிறது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் தொழில் செய்த 838 பேரை ஆராய்ந்து ஹியூ ரெய்லரும் உடன் ஆய்வாளர்களும் 1988இல் வெளியிட்ட முடிவு, புற ஊதாக் கதிர் கூடக்கூட வில்லையின் விளிம்பில் தொடங்கும் புரையும் கூடுகிறது என்பது. குறும்பார்வையோடு வரும் புரை வேறுவகை. அது வில்லையின் நடுக்கருவிலோ பின்முகத்திலோ தொடங்குகிறது. மற்றவர்களை விடச் சில ஆண்டுகள் முந்தியும் வருகிறது. நடுக்கரு இறுக இறுகக் குறும்பார்வையும் ஏறும். ஏற்கனவே தடித்த கண்ணாடி அணிந்த ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி மாற்றவேண்டி வந்தால், அங்கே பழுது கண்ணாடியில் இல்லை, வில்லையில்தான்.

சத்திரசிகிச்சையில் இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. ஒன்று, மூன்று மில்லிமீற்றருக்கும் குறைந்த வெட்டினூடாக மீயொலியால் புரையை உடைத்து உறிஞ்சும் முறை. மற்றது, வெண்சுவரில் ஆறேழு மில்லிமீற்றர் அகலத்தில் சுரங்கம் போல் வழி வெட்டிப் புரையை முழுதாக வெளியே எடுக்கும் முறை. இந்த இரண்டாவது முறை நேபாளத்திலும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் செம்மைப்படுத்தப்பட்டுத் தெற்காசியா முழுதும் பரவியது. இரண்டிலும் முன்னறை சுருங்கிவிடாமல் காக்க, பாகு போன்ற ஒரு பசைத்திரவம் உள்ளே செலுத்தப்படுகிறது. 1980ஐ ஒட்டிப் பயன்பாட்டுக்கு வந்த முதல் திரவம் சேவற் கொண்டையிலிருந்து பிரித்தெடுத்த ஹயலுரோனிக் அமிலம். விலை குறைந்த மெதில்செலுலோஸ் நம் பகுதிகளில் பெரிதும் வழங்குகிறது. இந்தத் திரவம் இல்லாமல் நவீன கண்புரைச் சத்திரசிகிச்சையே இல்லை. விழிவெண்படலத்தின் உட்படையைக் காப்பது அதுதான்.

முதலாவது ஏற்றத்துக்குக் காரணமும் அதுவே. இதன் மூலக்கூறுகள் மிகப் பெரியவை. வேலை முடிந்ததும் கழுவி எடுக்கப்படாமல் எஞ்சியது, வடிகால் வலையின் கண்களில் போய்த் தங்குகிறது. நீண்ட கண்ணில் முன்னறை ஆழமானது, வில்லைப்பை அகலமானது. செலுத்தவேண்டிய திரவமும் கூட, எஞ்சுவதற்கான இடமும் கூட. புதிதாக வைத்த வில்லையின் முதுகுக்கும் பைக்கும் நடுவில் ஒளிந்துகொள்ளும் திரவம்தான் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. அதை வெளியேற்ற, வில்லையை மெல்லச் சரித்து அதன் பின்னாலும் கழுவ வேண்டும். நீண்ட கண்ணில் இந்த ஓரிரு நிமிடத்தைச் சத்திரசிகிச்சையாளர் சேமிக்கக் கூடாது. திரவத்தோடு கதிராளியிலிருந்து உதிரும் நிறத்துகள்கள், புரையின் சிறு துணுக்குகள், அழற்சியால் கசியும் புரதம் ஆகியனவும் வலையை அடைக்கின்றன. மீயொலி முறையில், உப்புநீரின் அமுக்கத்தால் நீண்ட கண்ணின் கதிராளியும் வில்லையும் திடீரெனப் பின்னோக்கிச் சரிந்து முன்னறை பள்ளமாவதுண்டு. நோயாளிக்கு அப்போது நன்றாக வலிக்கும். கதிராளியின் விளிம்பைக் கருவியால் சற்று உயர்த்திவிட்டாலே நீர் இருபுறமும் சமப்பட்டு அது சீராகிவிடுகிறது. ஆனால் இந்த இழுபறியில் கதிராளி உரசி மேலும் நிறத்துகள் உதிரும்.

இந்த ஏற்றம் பொதுவாக 3 முதல் 8 மணிநேரத்துக்குள் உச்சத்தைத் தொடுகிறது. 30ஐத் தாண்டுவது அரிதல்ல. 40ஐத் தொடுவதும் உண்டு. பெரும்பாலான கண்களில் மறுநாள் காலைக்குள் இறங்கத் தொடங்கி, இரண்டு நாளில் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. மறுநாட் காலைப் பரிசோதனையில் 24 என்று பதிவாகும் கண், முந்தின மாலையில் எங்கே நின்றது என்பதை அந்த எண் சொல்வதில்லை. காலையில் சத்திரசிகிச்சை முடித்து மதியம் வீடு திரும்பும் ஒழுங்கு இன்று எங்கும் வழமை. யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலிருந்து மண்டைதீவுக்குப் பண்ணைத் தாம்போதி வழியே சில கிலோமீற்றர்தான். மாலையில் கண் குத்தினால் திரும்பி வரலாம். குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்கோ, ஒரு மணிநேரம் கடலில் போய் நெடுந்தீவுக்கோ திரும்புபவருக்கு அது முடியாது. உச்சம் தொடும் வேளையில் அவர் பஸ்ஸிலோ படகிலோ இருப்பார், கண்ணில் கட்டோடு. கடல் கொந்தளித்துப் படகு நின்றால் மறுநாளும் போய்விடும். கடும் குறும்பார்வையோடு குளுக்கோமாவும் உள்ள தீவுவாசியை அன்றிரவு விடுதியில் தங்கவைத்து, மாலையில் ஒருமுறை அமுக்கத்தை அளப்பது அவருக்குச் செய்யும் சலுகை அல்ல. சிகிச்சையின் ஒரு பகுதி. நரம்பில் ஏற்கனவே பெரும்பகுதியை இழந்தவரிடம் எஞ்சியிருக்கும் நடுப்பார்வையை ஒரே ஒரு கடும் ஏற்றம் கொண்டுபோய்விடலாம்.

ஏற்றத்தின் அறிகுறிகள் புருவத்தைச் சுற்றிய வலி, குமட்டல், விளக்கைச் சுற்றி வானவில் வளையம், காலையில் தெளிந்திருந்த பார்வை மாலையில் புகைதல். குமட்டலை மயக்க மருந்தின் விளைவென்றும், வலியைத் தையல் வலியென்றும் வீட்டார் எடுத்துக்கொள்வதுண்டு. சாதாரணச் சத்திரசிகிச்சைக்குப் பின் கண் உறுத்தும், கண்ணீர் வரும். வாந்தி வரும்படி வலிக்காது.

ஏறிய அமுக்கத்தை இறக்க வழிகள் பல. ரைமொலோல், பிரிமொனிடின் துளிகள் சுரப்பைக் குறைக்கின்றன. ரைமொலோல் தொய்வு உள்ளவர்களுக்கும் இதயத்துடிப்பு மந்தமானவர்களுக்கும் ஆகாது. அசற்றசோலமைட் குளிசை விரைவாக வேலை செய்யும். விரல் நுனிகள் விறைப்பது அதன் வழமையான பக்கவிளைவு. சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கும் சல்பா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் அது தவிர்க்கப்படுகிறது. அமுக்கம் மிக ஏறியிருந்தால், பக்கவெட்டின் ஓரத்தை ஊசியால் மெல்ல அழுத்திச் சில துளி நீரை வெளியே விடுவார்கள். வலி உடனே நிற்கும். ஆயினும் வலை அடைபட்டே இருப்பதால் ஓரிரு மணிநேரத்தில் அமுக்கம் மறுபடி ஏறும். குளிசையோ துளியோ கூடவே கொடுக்கப்பட வேண்டும். பைலோகார்ப்பின் துளி நீண்ட கண்ணுக்கு ஏற்றதல்ல. பிசிருடலை இறுக்கி முன்னோக்கி இழுக்கும் அந்த மருந்து, ஏற்கனவே மெலிந்த விழித்திரையின் விளிம்பில் கிழிசலை உண்டாக்கலாம் என்ற அச்சம் உண்டு.

அளவீட்டிலும் நீண்ட கண் ஏமாற்றும். 1905இல் நோர்வேயின் யால்மார் ஷொட்ஸ் அமைத்த கருவி, படுத்திருப்பவரின் கண்மீது ஒரு சிறு எடையை வைத்து எவ்வளவு அமிழ்கிறது என்று பார்ப்பது. மின்சாரமோ பெரிய உபகரணமோ வேண்டாத அந்தக் கருவியைச் சிற்றூர் வைத்தியசாலைகள் நெடுங்காலம் நம்பியிருந்தன. சுவர் மெலிந்த கண் எடைக்கு இணங்கி விரிந்துகொடுக்கும். ஆகவே உள்ளதை விடக் குறைவான எண்ணையே அது காட்டும். பேர்ண் நகரில் ஹான்ஸ் கோல்ட்மான் 1950களில் உருவாக்கிய கருவி, விழிவெண்படலத்தில் 3.06 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தைத் தட்டையாக்க வேண்டிய விசையை அளக்கிறது. சுவரின் தளர்வு அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. இன்றும் ஒப்பீட்டுக்கு அதுவே அளவுகோல். ஆனால் சத்திரசிகிச்சைக்கு மறுநாள் விழிவெண்படலம் நீர் கோத்து மிருதுவாக இருந்தால் அதுவும் குறைத்தே காட்டும். இமைமேல் விரலால் அழுத்திப் பார்த்து அமுக்கம் சொல்வது கல்லா நீரா என்ற அளவில்தான் உதவும்.

அமுக்கம் தாழ்ந்து போவதும் நீண்ட கண்ணில் கவனிக்கவேண்டியது. மெல்லிய வெண்சுவரில் வெட்டிய சுரங்கம் தானாக இறுக மூடாமல் கசியலாம். ஃபுளோரசின் சாயம் இட்டு நீல ஒளியில் பார்த்தால் கசிவு தெரியும். ஒரு தையல் போதும். அப்படியே விட்டால் அமுக்கம் 5க்குக் கீழ் இறங்கி, சுவரின் உட்படலம் பிரிந்து வீங்கும். கிருமிக்கும் வழி திறக்கும். மயக்க ஊசி பின்பக்கமாகப் புடைத்த கண்ணைத் துளைத்துவிட்டால் கண் திடீரெனத் தளர்ந்துபோகும். நீண்ட கண்ணுக்குக் கூரூசியைத் தவிர்த்து, முனை மழுங்கிய குழாயால் மேற்படலத்தின் கீழ் மருந்து செலுத்துவது இதனால்தான். வாரங்கள், மாதங்கள் கழித்து ஒரு கண்ணின் அமுக்கம் மட்டும் காரணமின்றித் தாழ்ந்தால், விழித்திரை கழன்றிருக்கிறதா என்று பாவையை விரித்துப் பார்க்க வேண்டும். கடும் குறும்பார்வை உள்ளவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்குப் பின் அந்த ஆபத்து மற்றவர்களை விடக் கூடியது. மின்னல் கீற்றுகள், திடீரெனப் பெருகும் கரும்புள்ளிகள், ஓரத்திலிருந்து இறங்கும் திரை ஆகியவை அதன் அடையாளங்கள்.

இரண்டாவது ஏற்றம் மருந்திலிருந்து வருகிறது. சத்திரசிகிச்சைக்குப் பின் அழற்சியை அடக்க, டெக்சாமெதசோன் அல்லது பிரெட்னிசலோன் துளி நான்கு முதல் ஆறு வாரம் கொடுக்கப்படுகிறது. இவை ஸ்டீரொயிட் மருந்துகள். 1960களில் அமெரிக்காவில் பெர்னாட் பெக்கரும் மன்சூர் அர்மலியும் தனித்தனியே செய்த சோதனைகள், இத்துளியை நான்கு முதல் ஆறு வாரம் இட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அமுக்கம் ஓரளவு ஏறுவதையும், நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் 15 மில்லிமீற்றருக்கும் மேல் ஏறுவதையும் காட்டின. 1966இல் ஸ்டீவன் போடொஸ், பெக்கருடன் சேர்ந்து, கடும் குறும்பார்வை உள்ளவர்களில் இந்த எதிர்வினை மிகுதியாக இருப்பதைப் பதிவு செய்தார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் 2011இல் டேவிட் சாங்கும் உடன் ஆய்வாளர்களும் கண்புரை நோயாளிகளையே எடுத்துப் பார்த்தபோதும் அதே திசைதான் தெரிந்தது: கண் நீளமாகவும் வயது குறைவாகவும் இருப்பவர்களே கூடிய ஆபத்தில் உள்ளவர்கள். குறும்பார்வை உள்ளவர்களுக்குப் புரையும் முந்தி வருவதால், இந்த இரண்டும் ஒரே ஆளில் கூடிவிடுகின்றன.

ஸ்டீரொயிட் வடிகால் வலையின் உயிரணுக்களையே மாற்றுகிறது. அவை தம்மைச் சுற்றிப் புரதப் பொருளைக் கூடுதலாகப் படியவைக்கின்றன. குப்பையை விழுங்கி அகற்றும் வேலையில் மந்தமாகின்றன. உள்ளிருக்கும் நார்கள் ஒன்றோடொன்று பிணைந்து விறைக்கின்றன. இதற்கெல்லாம் நாட்கள் வேண்டும். ஆகவே முதல் வாரப் பரிசோதனையில் 15 என்று நிற்கும் கண், மூன்றாம் வாரத்தில் 32 என்று நிற்கலாம். மெதுவாக ஏறுவதால் வலிக்காது, கண் சிவக்காது, பார்வை புகையாது. பார்வை அப்போதுதான் மிக நன்றாக இருக்கும். நாற்பது ஆண்டு தடித்த கண்ணாடியோடு வாழ்ந்த ஒருவர் முதன்முறையாக வெறுங்கண்ணால் கடலின் அடுத்த கரையைப் பார்க்கும் நாட்கள் அவை. கண் சுகமாகிவிட்டது, இனிக் கிளினிக்குக்கு எதற்கு ஒரு நாட் தொழிலை விடுவது என்று அவர் நினைப்பதில் தவறு காண முடியாது. பிள்ளைகளிடம் கனடாவுக்கோ பிரான்சுக்கோ போகுமுன் யாழ்ப்பாணத்தில் புரையை எடுத்துக்கொண்டு, இரண்டாம் வாரம் விமானம் ஏறுபவருக்கும் இதே இடைவெளிதான் விடுபடுகிறது. நீண்ட கண்ணுக்கு முதல் நாள், முதல் வாரம், முதல் மாதம் என்ற வழமையான ஒழுங்கு போதாது. இரண்டாம், மூன்றாம் வாரங்களுக்கு நடுவில் ஓர் அளவீடு கட்டாயம் வேண்டும். அதற்குச் சத்திரசிகிச்சை நிபுணர் தேவையில்லை. அமுக்கம் அளக்கும் கருவியும் பழகிய கையும் இருக்கும் எந்த வைத்தியசாலையிலும் அது ஐந்து நிமிட வேலை.

ஏற்றம் கண்டுபிடிக்கப்பட்டால் ஸ்டீரொயிட்டைக் குறைத்து நிறுத்துவதோ, வலுக் குறைந்த ஃபுளோரோமெதலோன், லோட்டெப்ரெட்னோல் துளிக்கு மாறுவதோ, ஸ்டீரொயிட் அல்லாத அழற்சித் துளியால் ஈடு செய்வதோ வழி. நிறுத்தி இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அமுக்கம் இறங்கிவிடும். இறங்காமல் நிற்பது, மாதக்கணக்கில் துளியை விட்டுக்கொண்டே இருந்தவர்களிடம்தான். பழைய துண்டைக் காட்டிப் பார்மசியில் அதே போத்தலை மறுபடி வாங்கி, கண் கடித்தாலும் தூசு விழுந்தாலும் விடும் பழக்கம் பார்வையைத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோகும். மீந்த போத்தலை அயலவருக்குக் கொடுப்பதும் அப்படியே. ஒரு கண்ணில் இந்த எதிர்வினை தெரிந்தவருக்கு மற்றக் கண்ணிலும் வரும் என்று எடுத்துக்கொண்டு, இரண்டாவது சத்திரசிகிச்சைக்கு முன்பே மருந்தை மாற்றித் திட்டமிட வேண்டும். அந்த விவரம் கிளினிக் கொப்பியில் எழுதப்பட்டிருந்தால்தான் அது நடக்கும்.

அமுக்கத்தால் நரம்பு கெட்டிருக்கிறதா என்பதை நீண்ட கண்ணில் கண்டுபிடிப்பதும் கடினம். நரம்புத் தலை சாய்ந்தும் வெளிறியும் இருக்கும். ஓரத்தில் வெண்பிறை போன்ற தேய்வு இருக்கும். குழிவு ஆழமற்றதாகத் தோன்றும். நரம்பிழையின் தடிப்பை அளக்கும் ஓசிற்றி இயந்திரம் ஒப்பிடுவது பெரும்பாலும் குறும்பார்வை இல்லாத கண்களின் அளவுகளோடு; ஆகவே நோயில்லாத நீண்ட கண்ணுக்கும் சிவப்புக் குறி இடும். காட்சிப்புலச் சோதனையில் தெரியும் வெற்றிடம் குளுக்கோமாவால் வந்ததா, தேய்ந்த விழித்திரையால் வந்ததா என்று ஒருமுறை பார்த்துச் சொல்ல முடியாது. மாறிக்கொண்டு போகிறதா என்பதுதான் விடை. புரை மறைத்திருந்த நரம்பு, சத்திரசிகிச்சை முடிந்து ஒரு மாதத்தில் முதன்முறையாகத் தெளிவாகத் தெரிகிறது. அந்த நாளில் எடுக்கும் படமும் காட்சிப்புலப் பதிவும் பிந்திய ஆண்டுகளுக்கெல்லாம் அடிக்கல். கண்ணாடி எழுதிக் கொடுப்பதோடு அந்த வருகையை முடித்துவிடுவது பெரிய இழப்பு.

இவையெல்லாம் கடந்தபின் அமுக்கம் இறங்குகிறது. வயதோடு நான்கிலிருந்து ஐந்து மில்லிமீற்றர்வரை தடித்துக் கதிராளியை முன்தள்ளும் வில்லைக்குப் பதிலாக, ஒரு மில்லிமீற்றரளவே உள்ள செயற்கை வில்லை அமர்வதால் வடிகால் கோணம் அகல்கிறது. அமுக்கம் கூடிய கண்களைத் தொடர்ந்து கவனித்த பல மையங்களில் நடந்த அமெரிக்க ஆய்வொன்றில், புரை எடுத்த 63 கண்களின் சராசரி 23.9இலிருந்து 19.8 ஆக இறங்கியது 2012இல் வெளியானது. ஒடுங்கிய கோணமுள்ள சிறிய கண்களுக்கே இந்த நன்மை மிகுதி. நீண்ட கண்ணில் கோணம் முன்பே அகன்று கிடக்கிறது. ஆகவே ஓரிரு மில்லிமீற்றர் இறக்கமே எதிர்பார்க்கத் தக்கது. புரை எடுத்தால் குளுக்கோமாத் துளியை விட்டுவிடலாம் என்று நீண்ட கண் உள்ளவருக்கு வாக்குக் கொடுக்க இது போதாது.

சில கண்களில் ஓரிரு ஆண்டில் வில்லைப்பையின் பின்முகம் மங்கும். யாக் லேசரால் அதில் சிறு துளை இட்டால் பார்வை மீளும். லேசரின் பின் முதல் சில மணிநேரத்தில் அமுக்கம் இன்னொரு முறை ஏறக்கூடும் என்பதால், பிரிமொனிடின் போன்ற ஒரு துளி இட்டு, ஒரு மணிநேரம் இருத்தி அளந்தே வீட்டுக்கு அனுப்புவது நல்ல வழக்கம். கடும் குறும்பார்வையில் இதே லேசருக்குப் பின் விழித்திரை கழலும் ஆபத்தும் சற்றுக் கூடுவதால், மங்கல் உண்மையிலேயே பார்வையைக் கெடுக்கும்வரை காத்திருந்து, துளையைச் சிறிதாகவே இடுகிறார்கள். அதன்பின் பாவையை விரித்து விழித்திரையின் விளிம்பையும் பார்க்கிறார்கள்.